கிளார்க் சோலைமலையின் சாட்சியம்

இந்த அறையில் எனக்குப் பின்னால் வந்து சேர்ந்த மூன்று பேருக்கும் இதை எழுதுகிறேன். ஓய்வு பெற்றவர்கள் எழுத வேண்டிய விஷயம். எனக்கு முப்பத்துமூன்று வயதுதான். ஆனால் கறுப்புக் கோட்டைக் கழற்றுவதென்று முடிவாகிவிட்டது. அடுத்த மாதம் சென்னையில் வேறு வேலை. போகிறவன் வழக்குக் கட்டுகளை ஒப்படைத்துவிட்டுப் போவது வழக்கம். அதைக் குமாஸ்தா பார்த்துக்கொள்வார். கட்டுக்குள் இல்லாத ஒரு விஷயத்தை மட்டும் நான்தான் ஒப்படைக்க வேண்டும்.

உங்களைத் தேடி விளையாட்டுப் பயிற்சியாளர்கள் வருவார்கள். கபடி, வாலிபால், ஹாக்கி என்று எதுவாகவும் இருக்கலாம். பழைய முதலாளி நோட்டீஸ் விட்டிருக்கிறார் என்று ஒரு காகிதத்தை நீட்டுவார்கள். அந்தக் காகிதத்தைப் படிப்பதற்கு முன்னால் ஒரு கேள்வி கேளுங்கள்: “ரிஜிஸ்டர்ல உங்க வேலை என்னன்னு எழுதிருக்கு?”

கேட்டதும் முகம் சுருங்கும். ஏனென்றால் எந்த ரிஜிஸ்டரிலும் கோச் என்று இருக்காது. மதுரையைச் சுற்றி மில்காரரும் பஸ் முதலாளியும் ஆளுக்கொரு அணி வைத்திருக்கிறார்கள். போட்டி நடத்துகிற சங்கமோ, ஆடுகிறவன் எல்லாம் அந்தந்த நிறுவனத்துத் தொழிலாளியாக இருக்க வேண்டும், சம்பளத்துக்குப் பயிற்சியாளர் வைக்கக் கூடாது என்று விதி போட்டிருக்கிறது. ஆகவே கோச்சை ஸ்டோர் கிளார்க் என்பார்கள், பிட்டர் என்பார்கள், வாட்ச்மேன் என்று எழுதியதைக்கூடப் பார்த்திருக்கிறேன். ஊருக்கே தெரிந்த பொய் இது. எல்லோரும் கையெழுத்துப் போட்டுத்தான் இருக்கிறார்கள்.

சோலைமலை அண்ணனை, தொழிலாளிகள் வருகிற போகிற நேரத்தைக் குறிக்கிற டைம் ஆபீஸில் கிளார்க் என்று எழுதியிருந்தார்கள்.

நான் அவரை வக்கீலாகச் சந்திப்பதற்கு முன்பே ரசிகனாகச் சந்தித்தவன். அவர் அப்போது வண்டியூரில் ஒரு கபடிக் குழுவுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தார். கோடையில் தெப்பக்குளம் காய்ந்து கிடக்கும்போது உள்ளே கோடு கிழித்து ஆடுவார்கள். கல்லூரிப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்து பார்ப்பேன். அவர் கத்த மாட்டார். பிடியை விட்டவனைக் கூப்பிட்டு, காதோரம் ஏதோ சொல்லி அனுப்புவார். அடுத்த தடவை அவன் விட மாட்டான். என்ன சொல்கிறார் என்று தெரிந்துகொள்ள எனக்கு அம்புட்டு ஆசை. பக்கத்தில் போய்க் கேட்கத் தைரியம் இருந்ததில்லை.

பிறகு மில் அவரை எடுத்துக்கொண்டது. ஐந்து வருஷ ஒப்பந்தம். அதில் ஒரு வரி: ஒப்பந்தக் காலம் முடியும்வரை, மில்லில் தான் செய்த வேலையை வேறு எந்த நிறுவனத்திலும் செய்யக் கூடாது. இந்த வரியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். வழக்கு முழுக்க இந்த ஒரு வரிதான்.

இரண்டரை வருஷத்தில் மில்லுக்கு மூன்று கேடயம் வாங்கிக் கொடுத்தார். நான்காவது இறுதிப் போட்டிக்கு முதல் நாள், அவர் அணியில் எதிரணிக் கோட்டுக்குள் பாடிப் போகிற ஆட்களிலேயே கெட்டிக்காரனுக்கு முழங்கால் வீங்கிவிட்டது. ஆடக் கூடாது என்று சோலைமலை அண்ணன் சொல்லிவிட்டார். இறுதிப் போட்டியைப் பார்க்க முதலாளியின் மகனுக்கு, சின்ன முதலாளிக்கு, வெளியூர் விருந்தாளிகள் வருவதாக இருந்தது. மைதானத்து ஓரத்தில், ஆட்டக்காரர்கள் எல்லோரும் பார்க்க, சின்ன முதலாளி அண்ணனிடம் சொன்னாராம்:

“யோவ், நீ டைம் ஆபீஸ் கிளார்க்குய்யா. ரிஜிஸ்டரப் போய்ப் பாரு. எவன் ஆடணும், எவன் ஆடக் கூடாதுன்னு சொல்ல நீ யாரு?”

பையனை இறக்கினார்கள். முழங்கால் போனது. இன்றும் விந்தித்தான் நடக்கிறான். மறுநாள் காலை சோலைமலை அண்ணன் மில் வாசலை மிதிக்கவில்லை. அடுத்த மாதமே வாடிப்பட்டிப் பக்கம் ஒரு பஸ் கம்பெனி, எங்கள் அணிக்கு வாங்க என்று அவரைக் கூப்பிட்டது. மில் கோர்ட்டுக்குப் போனது. ஒப்பந்தத்தில் மிச்சமிருக்கிற காலம் முடியும்வரை அவர் எந்த அணிக்கும் பயிற்சி கொடுக்கத் தடை வேண்டும் என்று வழக்கு.

எமர்ஜென்சி முடிந்து ஆட்சி மாறியிருந்த சமயம். நான் கோட்டு மாட்டி ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. சீனியர் அறைக்குள் அவர் நுழைந்தபோது நான் எழுந்து நின்றுவிட்டேன். வழக்குக் கொண்டுவருகிற கட்சிக்காரருக்கு எழுந்து நிற்கிற ஜூனியரை சீனியர் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்திருப்பார்.

“என்னப்பா, சொந்தக்காரரா?”

“இல்ல சார். தெப்பக்குளத்துல இவரப் பாக்காத ஆளு உண்டா?”

“நீ பாத்தது எனக்கு வேணாம். ஒப்பந்தத்தப் படி.”

படித்தேன். சீனியர் நாற்காலியில் சாய்ந்து ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

“மில்லுல செஞ்ச வேலைய வெளிய செய்யக் கூடாது. சரி. மில்லுல என்ன வேலை செஞ்சாரு? ரிஜிஸ்டர்ல கிளார்க்கு. அப்ப வெளிய கிளார்க் வேலை செய்ய மாட்டாரு. கபடி சொல்லிக் கொடுத்தா அவங்களுக்கு என்ன?” அண்ணன் பக்கம் திரும்பினார். “கோச்சுன்னு அவங்க வாயால சொல்ல முடியாது. சொன்னா சங்கம் மூணு கேடயத்தையும் திருப்பி வாங்கிப்புடும். நீங்களும் சொல்லாதீங்க. அம்புட்டுத்தான் கேஸு.”

“அந்தச் சின்ன முதலாளிப் பயலும் இதத்தான் சொன்னான், கிளார்க்குன்னு,” என்றார் சோலைமலை அண்ணன்.

“அவன் சொன்னது உங்களை அடக்க. நான் சொல்றது உங்களக் காப்பாத்த.”

“வார்த்தை ஒண்ணுதானுங்களே.”

சீனியர் அடுத்த கட்டைப் பிரித்துவிட்டார்.

எல்லாம் அவர் கணக்குப்படியே நடந்தது. முன்சீப் இடைக்காலத் தடை தரவில்லை. வழக்கையே சீக்கிரம் விசாரித்துவிடுகிறேன் என்று போட்டார். மில் தரப்பில் டைம் ஆபீஸ் தலைமை ஆள் கூண்டேறினார். சீனியர் குறுக்கு விசாரணைக்கு எழுந்து ஒரே கேள்வி கேட்டார்.

“இவர் உங்க மில்லுல என்ன வேலை?”

அந்த ஆள் மில் வக்கீலைப் பார்த்தார். மில் வக்கீல் கூரையைப் பார்த்தார்.

“டைம் ஆபீஸ் கிளார்க்.”

“போதும்,” என்று சீனியர் உட்கார்ந்துவிட்டார். எனக்குச் சப்பென்று இருந்தது. இவ்வளவுதானா? பத்துப் பதினைந்து கேள்வி எழுதி வைத்திருந்தேன்!

எங்கள் தரப்பில் சோலைமலை அண்ணனின் முறை வந்த நாளில் சீனியருக்குத் திண்டுக்கல்லில் ஒரு கொலை வழக்கு. பஸ் ஏறுவதற்கு முன் என் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னார். “முதல் விசாரணை நாலு வரி. எழுதி வச்சிருக்கேன், அதக் கேளு. குறுக்கு விசாரணையில அந்தாளு என்ன கேட்டாலும் நீ வாயத் தொறக்காத. முடிஞ்சதும் நம்ம சாட்சிகிட்ட நீ திரும்ப ஒண்ணும் கேக்க வேணாம்; எந்திரிச்சு, ‘மறு விசாரணை இல்லை, அய்யா’ன்னு சொல்லிட்டு உக்காந்துரு. சொல்லு பாப்பம்.”

“மறு விசாரணை இல்லை, அய்யா.”

“இன்னொரு தடவ.”

இன்னொரு தடவையும் சொன்னேன். சிரித்துக்கொண்டுதான் சொன்னேன்.

என் கோட்டுப் பையில் ஒரு உறை இருந்தது. மூன்று போட்டோக்கள், பத்திரிகையில் வந்த செய்தித் துண்டுகள் இரண்டு. மில் அணி கேடயத்தோடு நிற்க, நடுவில் சோலைமலை அண்ணன். எதற்கு எடுத்துப் போனேன் என்று இன்றுவரை எனக்குச் சரியான பதில் தெரியாது. தேவைப்பட்டால் இருக்கட்டும் என்றுதான் அப்போது சொல்லிக்கொண்டேன். தேவைப்படவே கூடாது என்பதுதான் எங்கள் வழக்கு என்கிற சின்ன விஷயம் மண்டையில் ஏறவில்லை.

மில் வக்கீல் எழுந்தார். வயதானவர், மெல்லப் பேசுவார், அடிக்கடி மூக்குக்கண்ணாடியைத் துடைப்பார்.

“நீர் கிளார்க்குத்தானே?”

“ரிஜிஸ்டர்ல அப்பிடித்தாங்க இருக்கு.”

“மில் கபடி அணியப் பழக்கினது வீவிங் மாஸ்டருன்னு சொல்றேன். சரிதானே?”

தறிகளை மேற்பார்க்கிற அந்த வீவிங் மாஸ்டருக்குக் கபடியில் எத்தனை பேர் ஆடுவார்கள் என்றுகூடத் தெரியாது. சோலைமலை அண்ணன் கூண்டின் கம்பியைப் பிடித்தார்.

“அவரு மைதானத்துக்கு வருவாருங்க.”

“கேடயம் வாங்கினது அவராலதான்?”

“ஆடுன பயலுகளால வாங்குனதுங்க.”

“நீர் ஓரமா நின்னு வேடிக்கை பாக்குற ஆளு. தண்ணிச் சொம்பு தூக்கிக்கிட்டு.”

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். “தண்ணி கொடுத்துருக்கேங்க,” என்றார் அண்ணன்.

“கபடின்னா என்னன்னு உமக்குத் தெரியுமாய்யா?”

முன்சீப் பேனாவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

“ஊருல எல்லாருக்கும் தெரிஞ்ச அளவுக்குத் தெரியுமுங்க.”

“அவ்வளவுதான், அய்யா,” என்று மில் வக்கீல் உட்கார்ந்தார்.

கவனியுங்கள். பொய் ஒன்றும் அவர் சொல்லவில்லை. கேட்டதற்குப் பக்கத்தில் நின்று பதில் சொல்லியிருக்கிறார். அந்த மைதானத்து ஓரத்தில் எந்த வார்த்தைக்காக வேலையை உதறினாரோ அந்த வார்த்தையின் அவமானத்தை, நிறைந்த கோர்ட்டில், ஐந்து தடவை விழுங்கியிருக்கிறார். வேறு ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. வழக்கு எங்கள் கையில்.

அவர் விழுங்கிவிட்டார். என்னால் விழுங்க முடியவில்லை.

எழுந்தேன். முன்சீப், “மறு விசாரணை?” என்றார். இரண்டு தடவை ஒத்திகை பார்த்த வாய், “உண்டு, அய்யா,” என்றது.

சோலைமலை அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர் தலை லேசாக அசைந்தது. வேண்டாம் என்றுதான் அசைந்தது. நான் அதை நன்றி என்று எடுத்துக்கொண்டேன்.

போட்டோவை நீட்டினேன். “இதுல நடுவுல நிக்கிறது யாரு?”

“நாந்தான்.”

“எதுக்கு நடுவுல நிக்க வச்சாங்க?”

மில் வக்கீல் ஆட்சேபிப்பார், நான் அவரோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும் என்று தயாராக நின்றேன். புதிய ஆவணம், முன்னால் தாக்கல் செய்யாதது; ஆட்சேபிக்க நூறு காரணம் இருந்தது. அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அந்த இடத்திலேயே நான் உட்கார்ந்திருக்க வேண்டும். எதிராளி வாயை மூடிக்கொண்டு உங்களைப் பேச விடுகிறான் என்றால், நீங்கள் பேசுவது அவனுக்காக.

“சொல்லுங்கண்ணே. பயிற்சி கொடுத்தது யாரு? தண்ணிச் சொம்பா?”

அவர் முகத்தில் ஏதோ உடைந்தது. உடைந்த இடத்தில் வெளிச்சம் வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், அதுவும் உண்மைதான்.

“நாந்தாங்க. ரெண்டரை வருசம், காலையிலயும் சாயங்காலமும்.”

“எப்பிடிக் கொடுத்தீங்க? கோர்ட்டாருக்குச் சொல்லுங்க.”

அண்ணன் முன்சீப்பைப் பார்த்தார். “செஞ்சு காட்டலாங்களா அய்யா?”

“கூண்ட ஒடச்சுராம செய்யும்,” என்றார் முன்சீப். கோர்ட்டே சிரித்தது. கோர்ட்டு ஹால் வாசலில் பக்கத்துக் கோர்ட்டு ஆட்கள் கூடிவிட்டார்கள்.

வேட்டியை மடித்துக் கட்டினார். அந்த மூன்றடிக் கூண்டுக்குள் குனிந்தார். ஐம்பது வயது உடம்பு, ஒரு நொடியில் இருபத்தைந்து ஆகிவிட்டது. “பாடி வர்றவன் முகத்தப் பாக்கக் கூடாதுங்க. முகம் ஏமாத்தும். இடுப்பப் பாக்கணும். இடுப்பு எங்கிட்டுத் திரும்புதோ அங்கிட்டுத்தான் ஆளு போவான். அப்ப, கணுக்காலு தரையில வச்ச ஒடனே…” கூண்டின் மரக்காலை இரண்டு கையாலும் பிடித்தார். கூண்டு கிறீச்சென்றது. டைப் அடிப்பவர் விரலை எடுத்துவிட்டு எட்டிப் பார்த்தார்.

தெப்பக்குளத்துப் படிக்கட்டில் உட்கார்ந்து எதைக் கேட்க ஆசைப்பட்டேனோ அது கடைசியில் என் காதில் விழுந்துவிட்டது. அந்த மயக்கத்தில், யாரும் கேட்கச் சொல்லாத கடைசிக் கேள்வியையும் கேட்டேன்.

“டைம் ஆபீஸ்ல என்னைக்காச்சும் உக்காந்து வேலை பாத்தீங்களா?”

“ஒரு நாக்கூட இல்லைங்க.”

முன்சீப் நிதானமாகச் சொல்லச் சொல்ல, டைப் அடித்தார்கள். ‘நான் அந்த மில்லில் கபடி அணிக்குப் பயிற்சி கொடுக்கும் வேலையைத்தான் செய்தேன். அது தவிர வேறு எந்த வேலையும் செய்யவில்லை.’ சோலைமலை அண்ணன் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். மில் வக்கீல் கட்டைக் கயிற்றால் கட்டினார். முகத்தில் ஒன்றுமில்லை. நான் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெளியே வேப்பமரத்தடியில் என் வயதுக்கார ஜூனியர்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். “மாப்ள, கோர்ட்டையே மைதானமாக்கிப்புட்டியேடா!” டீ வாங்கிக் கொடுத்தார்கள். மில் வக்கீல் எங்களைத் தாண்டிப் போகும்போது நின்று, “நல்லாக் கேட்டீங்க தம்பி,” என்றார். பெருமையாக இருந்தது எனக்கு. டீயைக் குடித்து முடித்து, கிளாசைக் கீழே வைக்கும்போதுதான் ஒப்பந்தத்தின் அந்த வரி நினைவுக்கு வந்தது. மில்லில் தான் செய்த வேலையை.

சீனியர் திண்டுக்கல்லில் இருந்து வந்து சாட்சிய நகலைப் படித்தார். திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருந்தால் தேவலை.

“நீ கோர்ட்டுல இல்லப்பா. தெப்பக்குளத்துப் படிக்கட்டுல உக்காந்துருக்க,” என்றார்.

“சார், அப்பீல் போனா…”

“எத எதுத்து? அவரே சொன்னத எதுத்தா?”

இரண்டு வாரத்தில் தீர்ப்பு. மிச்சமிருந்த இரண்டு வருஷத்துக்கும் தடை. எந்த அணிக்கும், எந்த மைதானத்திலும், பயிற்சி கொடுக்கக் கூடாது. கேடயங்களாவது போனதா என்று கேட்பீர்கள். போகவில்லை. எங்கள் கிளார்க் ஆர்வக்கோளாறில் ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு மைதானத்தில் நின்றிருக்கிறார் என்று மில் சங்கத்துக்கு எழுதியது. சங்கம் அதை ஏற்றுக்கொண்டது.

உண்மையைச் சொன்னதில் என்ன தவறு என்று உங்களில் ஒருவர் கேட்பீர்கள். நானும் பல வருஷம் இதைக் கேட்டு என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டவன்தான். உண்மை அவருடையது. எங்கே, எப்போது சொல்வது என்று முடிவெடுக்கிற உரிமையும் அவருடையது. சொல்லாமல் இருக்க அவர் முடிவெடுத்திருந்தார், அதற்கு உரிய வலியையும் நின்று பட்டுவிட்டார். அவர் மானத்தைக் காப்பாற்றுகிறேன் என்று எழுந்தவன், அவர் அனுமதி இல்லாமல் எழுந்தவன். என் ஆசைக்காக எழுந்தவன்.

தீர்ப்பு வந்து நாலைந்து நாள் கழித்து சோலைமலை அண்ணன் எங்கள் அறைக்கு வந்தார். நான் எழுந்து நின்றேன். இந்தத் தடவை எழுந்ததற்குக் காரணம் வேறு.

“வக்கீல் தம்பி, நான் பேசுனத டைப் அடிச்சாங்கள்ல. அந்தத் தாளு ஒண்ணு கெடைக்குமா?”

“எதுக்குண்ணே?”

“நான் கோச்சுன்னு வேற எங்கிட்டும் எழுதல. அதுல மட்டுந்தான் இருக்கு.”

நகல் எடுத்துக் கொடுத்தேன். மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். என்மேல் கோபம் என்று ஒரு வார்த்தை அவர் சொல்லியிருந்தால், இதை உங்களுக்கு எழுதுகிற அவசியம் எனக்கு வந்திருக்காது.

கொடுமை என்னவென்றால், அந்த மறு விசாரணையால்தான் எனக்குப் பெயர் வந்தது. கூண்டுக்குள் கபடி ஆட வைத்த வக்கீல் என்று ஒத்தக்கடை முதல் வாடிப்பட்டி வரை பேசினார்கள். பயிற்சியாளர்கள் என்னைத் தேடி வர ஆரம்பித்தது அதற்கப்புறம்தான். பிறகு வந்த ஏழெட்டு வழக்குகளில் ஒன்றில்கூட நான் மறு விசாரணைக்கு எழுந்ததில்லை. “மறு விசாரணை இல்லை, அய்யா.” இப்போது நன்றாகச் சொல்ல வருகிறது.

தீர்ப்பு வந்து மூன்று வருஷம் கழித்து ஒரு சாயங்காலம் நான் வந்த பஸ் வாடிப்பட்டி ஸ்டாண்டில் நின்றது. தண்ணீர் குடிக்க இறங்கினேன். காக்கிச் சட்டை, கழுத்தில் விசில், கையில் அட்டை: சோலைமலை அண்ணன். தடை இருந்ததால் பஸ் கம்பெனி வேறு கோச்சை வைத்துக்கொண்டது. இரக்கப்பட்டு இவருக்கு டைம் கீப்பர் வேலை கொடுத்திருக்கிறது. எந்த வண்டி எப்போது வந்தது, எப்போது போனது என்று குறித்துக்கொண்டு விசில் ஊத வேண்டும். மில் காகிதத்தில் எழுதிய பொய்யை, நானும் கோர்ட்டும் சேர்ந்து நிஜமாக்கியிருந்தோம்.

“வாங்க வக்கீல் தம்பி. மதுரைக்கா?”

“ஆமாண்ணே.”

ஸ்டாண்டுக்குப் பின்னால் கம்பெனியின் ஷெட்டு. சுவருக்கு அந்தப் பக்கம் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. கபடிகபடிகபடி என்று ஒருத்தன் மூச்சுவிடாமல் பாடுவதும், தடதடவென்று விழுவதும் கேட்டது. அண்ணன் அட்டையில் நேரம் எழுதிக்கொண்டே, தலையைத் தூக்காமல் சொன்னார்.

“இடது மூலையில நிக்கிறவன் அவசரப்படுறான். காலு தரையில படுறதுக்குள்ள பாயுறான். சத்தத்துலயே தெரியுது.”

“தடை போன வருசமே முடிஞ்சு போச்சேண்ணே. உள்ள போய்ச் சொல்லலாம்ல?”

பேனாவை மூடினார். என்னை நேராகப் பார்த்தார். கூண்டில் நின்று தலையை அசைத்தபோது பார்த்த அதே பார்வை. இந்தத் தடவை எனக்குப் புரிந்தது.

“யாரு? டைம் கீப்பரா?” என்றார்.

விசிலை வாயில் வைத்து ஊதினார். நான் ஓடிப் போய் ஏறிக்கொண்டேன்.